சீனத் தொடர்களைப் பார்ப்பவர்களும் காவல் நிற்பவர்களும்

ஐச்சியி என்ற சீன வீடியோ தளத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டி ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்தால், அத்தியாயத்தில் அவர் வரும் காட்சிகள் மட்டும் ஓடும். அம்மா அழும் காட்சி, எதிரி சதி செய்யும் காட்சி, இரண்டு கிழவர்கள் தேநீர் குடித்தபடி பழைய போரைப் பற்றிப் பேசும் காட்சி எல்லாம் தாண்டிப் போய்விடும். முக்கால் மணி நேர அத்தியாயம் கால் மணியில் முடிந்துவிடும். அப்புறம் அப்படிப் பார்த்தவர் மதிப்பெண் தளத்துக்குப் போய் அந்தத் தொடருக்கு ஐந்து நட்சத்திரம் போடலாம். தனக்குப் பிடித்த நடிகருக்குப் போட்டியாக இருக்கும் இன்னொருவரின் தொடருக்கு, ஒரு நிமிடம்கூடப் பார்க்காமல், ஒரு நட்சத்திரம் போடலாம். இரண்டுமே பார்வையாளர் கருத்து என்ற ஒரே கணக்கில்தான் சேரும்.

சீனத் தொடர்களைப் பார்ப்பது எவ்வளவு பிடிக்குமோ, அவற்றைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். சீன மொழி எனக்குத் தெரியாது. தொடருக்கு ஆங்கில வசனவரி, டௌபான் தளத்து விமர்சனங்களுக்கு மெஷின் மொழிபெயர்ப்பு, இப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. இத்தனை வருடம் படித்ததில் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. அந்த ஊர்ப் பார்வையாளர்கள் அபாரமான கூர்மை உள்ளவர்கள். ஒரு கதாபாத்திரம் மண்டியிடும் விதத்தை வைத்து அவள் மனநிலையைச் சொல்வார்கள். 10 வருடம் கழித்து அதே தொடரை மறுபடி பார்த்து, முன்பு வெறுத்தவளுக்காக வாதாடுவார்கள். அந்தக் குரல்கள் காதில் விழாதபடி மேலே ஒரு பெரும் இரைச்சல் கிடக்கிறது. அதை எழுப்புவது ரசிகர் படைகள். அதனால் லாபம் பார்ப்பது தளங்களும் விளம்பரதாரர்களும். இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லி ரசிகைகளைத் திட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு தொடரை எடுத்துக்கொண்டால் போதும். 2019 கோடையில் டென்சென்ட் தளத்தில் வெளியான 'தி அன்டேம்ட்', 50 அத்தியாயங்கள். மோ ஷியாங் தோங் ஷியூ என்ற புனைபெயரில் எழுதும் பெண் எழுத்தாளரின் இணைய நாவலிலிருந்து எடுத்தது. நாவலில் இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் வெளிப்படையாக உண்டு. சீனத் தணிக்கையில் அதற்கு இடமில்லை என்பதால் தொடரில் அது ஆழ்ந்த நட்பாக மாறியது. ஆனால் பார்வைகளையும், ஒரு புல்லாங்குழலையும், ஒரு பாட்டையும் வைத்துக்கொண்டு, வெட்டப்பட்டதை எல்லாம் பார்வையாளர்கள் தாங்களாகவே மீட்டு எடுத்தார்கள். அந்த ஆரம்ப மாதங்களில் வந்த விமர்சனங்களைப் படித்தால் இப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும். நாவலில் இருப்பது எது, தொடரில் மாற்றியது எது, இறந்து 16 வருடம் கழித்துத் திரும்பி வரும் வெய் வூஷியான் தன் பழைய குற்றங்களுக்கு எவ்வளவு பொறுப்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். வெய் வூஷியானாக நடித்தவர் சியாவ் ஜான், லான் வாங்ஜியாக நடித்தவர் வாங் யிபோ. இருவரும் ஒரே கோடையில் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் இருவராக ஆனார்கள்.

அதோடு ரசிகர்களும் பிரிந்தார்கள். ஒரு நடிகரை மட்டும் நேசித்து, இன்னொருவர் பெயரே கூட வரக்கூடாது என்பவர்கள் ஒரு பக்கம். நிஜத்திலும் இருவரையும் ஜோடியாகக் கற்பனை செய்பவர்கள் இன்னொரு பக்கம். தொடரை மட்டும் நேசித்தவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தங்களுக்கு இதில் எந்தக் கட்சியும் இல்லை என்று இவர்கள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சொல்லிவிட்டுத்தான் விமர்சனத்தைத் தொடங்க வேண்டியிருந்தது.

2020 பிப்ரவரி 27-க்குப் பிறகு என்ன நடந்தது என்பது சீன இணையத்தில் அந்தத் தேதியின் பெயராலேயே இன்றும் நினைவுகூரப்படுகிறது. இரண்டு நடிகர்களையும் நிஜப் பெயர்களோடு பாத்திரங்களாக்கி ஒருவர் ரசிகர் புனைகதை எழுதியிருந்தார். அதில் சியாவ் ஜானைத் திருநங்கையாகச் சித்திரித்திருந்தார். 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற வெளிநாட்டுத் தளத்தில் அந்தக் கதை இருந்தது. லாப நோக்கமில்லாமல் ரசிகர்களே நடத்தும் தளம் அது. முந்தைய வருடம்தான் அறிவியல், மாயப் புனைவுகளுக்கான ஹியூகோ விருது பெற்றிருந்தது. சியாவ் ஜானின் தனி ரசிகர்களில் ஒரு கூட்டம் அந்தக் கதை அவரை அவமதிக்கிறது என்று ஆள் திரட்டி அதிகாரிகளிடம் புகார் கொடுத்தது. பிப்ரவரி 29 அன்று சீனாவில் அந்தத் தளம் முழுவதுமாகத் தடைபட்டது.

ஒரு கதைக்காக ஒரு நூலகமே மூடப்பட்டது என்றால் அங்கே எழுதியும் படித்தும் வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அதில் பெரும்பாலோர் சியாவ் ஜானோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள். வேறு எதையோ நேசித்து, அதைப் பற்றிக் கதை எழுதி, தங்களுக்குள் பகிர்ந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் திருப்பி அடித்தார்கள். அவர் விளம்பரம் செய்த பொருட்களைப் புறக்கணிக்கச் சொல்லி இயக்கம் நடந்தது. அவர் நடித்த தொடர்களுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. அவருடைய அலுவலகம் சீனச் சமூக வலைத்தளமான வெய்போவில் மன்னிப்புக் கேட்டது. ஊர் முழுக்க கொரோனா ஊரடங்கில் அடைபட்டிருந்த நேரம் அது. எல்லோர் கையிலும் போன், யாருக்கும் வெளியே போக வழியில்லை.

இதில் எனக்கு மனம் ஆறாதது ஒன்று உண்டு. 'தி அன்டேம்ட்' பற்றி இன்று டௌபானில் இருக்கும் மதிப்பெண்ணில் எத்தனை பேர் தொடருக்காகப் போட்டது, எத்தனை பேர் நடிகரைத் தூக்கி நிறுத்தப் போட்டது, எத்தனை பேர் அவரைத் தண்டிக்கப் போட்டது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தத் தொடரின் கணினி வரைகலை மோசம், ஆரம்ப அத்தியாயங்களில் காலக் குழப்பம் இருக்கிறது, ஆனால் யுன்மெங் ஜியாங் குடும்பத்தின் அக்கா தம்பிகளுக்குத் தாமரைத்தண்டு சூப் ஊற்றிக் கொடுக்கும் காட்சிகளில் வரும் பாசத்துக்கு அந்த வருடத்தில் வேறு எந்தத் தொடரும் ஈடில்லை. இது என் கருத்து. இதை 2019-ல் சொல்லியிருந்தால் விவாதம் ஆகியிருக்கும். 2020 மார்ச்சில் சொல்லியிருந்தால் நான் எந்த அணி என்ற கேள்விதான் வந்திருக்கும்.

என் சித்தி மகள் சியாவ் ஜானின் தீவிர ரசிகை, கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். யூடியூபில் அவர் பாட்டை ஒலியைக் குறைத்துவிட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டிருந்தாள். ஏன்டி என்று கேட்டதற்கு, "எண்ணிக்கை குறைஞ்சா அடுத்த தொடர் கிடைக்காதுன்னு சொல்றாங்கக்கா. நாம பார்த்துக்கலைன்னா யாரு பார்ப்பா?" என்றாள். குரலில் நிஜமான கவலை. தன் தம்பிக்குப் பரீட்சை முடிவு வரும்போது இருக்கும் கவலை மாதிரி. அவளை அதட்ட எனக்கு வாய் வரவில்லை. அவள் சொன்னதில் உண்மையும் இருந்தது.

சீனத் தளங்கள் தயாராகும் தொடர்களை எஸ் ப்ளஸ், எஸ், ஏ என்று தரம் பிரிக்கின்றன. பணமும் விளம்பர இடமும் அந்தத் தரத்தைப் பொறுத்தவை. ஒரு நடிகருக்கு எஸ் தரத் தொடர் கிடைக்குமா என்பதை அவருடைய நடிப்பு எவ்வளவு தீர்மானிக்கிறதோ, அவர் பெயரைச் சுற்றி எத்தனை பதிவு, எத்தனை பகிர்வு, அவர் விளம்பரம் செய்த முகப்பூச்சு எத்தனை நிமிடத்தில் விற்றுத் தீர்ந்தது என்பதும் அவ்வளவு தீர்மானிக்கிறது. வெய்போவில் நட்சத்திரங்களின் செல்வாக்குப் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் தங்கள் ஆளை மேலே வைத்திருக்க ரசிகைகள் தினமும் ஆட்களைப் பிரித்து வேலை செய்தார்கள். ஒரு குழு எண்ணிக்கைகளைப் பராமரிக்கும். ஒரு குழு நல்ல கருத்துகளை மேலே தள்ளி, விமர்சனம் கண்ணில் படாமல் கீழே புதைக்கும். ஒரு குழு படமும் வரிகளும் வடிவமைக்கும். சம்பளம் கிடையாது. ஒரு பெரிய நிறுவனத்தின் விளம்பரத் துறை செய்ய வேண்டிய வேலையைப் பள்ளி மாணவிகள் தூக்கத்தை விட்டுச் செய்தார்கள்.

தளங்களுக்கும் தங்கள் எண்கள் பொய் என்பது தெரிந்தே இருந்தது. பார்வை எண்ணிக்கைகள் அபத்தமான அளவுக்கு ஊதிப்போனதால் 2018 செப்டம்பரில் ஐச்சியி அவற்றைக் காட்டுவதையே நிறுத்தியது. பதிலுக்குச் சூட்டு மதிப்பு என்று ஒரு எண்ணைக் கொண்டுவந்தது. பார்த்த நேரம், கருத்துகள், பகிர்வுகள் எல்லாம் கலந்த கணக்கு அது. உள்ளே எது எத்தனை பங்கு என்பது வெளியே தெரியாது. அந்த எண் 10,000-ஐத் தாண்டினால் கொண்டாட்டம், சுவரொட்டி, நடிகர்கள் நன்றிக் கடிதம். பொய் எண்ணை ஒழிக்க வந்த புதிய எண்ணுக்கும் அடுத்த நாளே படை திரண்டது.

இதன் உச்சம் தொடரில் வரவில்லை, ஐச்சியியின் ஒரு திறமைப் போட்டியில் வந்தது. ஆனால் இயந்திரம் அதேதான், ரசிகைகளும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். 2021-ல் அந்தப் போட்டியில் ஓட்டுப் போட வேண்டுமென்றால், நிகழ்ச்சியை ஆதரித்த நிறுவனத்தின் பால் பான பாட்டிலை வாங்கி, மூடிக்குள் இருக்கும் குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். பெட்டி பெட்டியாக வாங்கினார்கள். இத்தனை பாலை யார் குடிப்பது? மூடியைத் திறந்து குறியீட்டை எடுத்துக்கொண்டு, ஆட்களை வைத்துப் பாலை வாய்க்காலில் கொட்டும் வீடியோ மே மாதம் வெளியானது. இறுதிச் சுற்று ரத்தானது. அதைப் பார்த்து நாடே ரசிகைகளைத் திட்டியது. குறியீட்டை மூடிக்குள் வைத்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

அந்த வருடம்தான் அரசு இறங்கியது. 'சிங்லாங்' என்ற பெயரில் இணையத்தைத் துப்புரவு செய்யும் நடவடிக்கை. ஆகஸ்ட் தொடக்கத்தில் வெய்போ தன் நட்சத்திரப் பட்டியலை மூடியது. ஆகஸ்ட் 27-ல் இணைய நிர்வாகத் துறை பத்து அம்ச அறிவிப்பு வெளியிட்டது: தனிநபர் நட்சத்திரப் பட்டியல்கள் கூடாது, ரசிகர்களைச் செலவு செய்யத் தூண்டக்கூடாது, சிறுவர்கள் நட்சத்திரங்களுக்காகப் பணம் கொடுக்கக்கூடாது. இதில் சில விதிகள் நியாயமானவை, முன்பே வந்திருக்க வேண்டியவை. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கோடையில் அதே கை செய்த வேறு சில காரியங்களைப் பார்த்தால் பார்வையாளரின் கருத்துக்கு அங்கே என்ன மதிப்பு என்பது புரியும்.

'வேர்ட் ஆஃப் ஹானர்' என்று ஒரு தொடர். 2021 பிப்ரவரியில் யூகு தளத்தில் வந்தது, 36 அத்தியாயம். பெரிய பணம் போட்டது இல்லை. காட்சிகளில் சிக்கனம் பளிச்சென்று தெரியும். ஆனால் சாகக் கிடக்கும் ஒரு கொலையாளியும், பழிவாங்க அலையும் ஒருவனும், வெயிலில் உட்கார்ந்து மது குடித்துக் கவிதை சொல்லிக்கொள்ளும் அந்த ஆரம்ப அத்தியாயங்களை நான் எத்தனை முறையும் பார்ப்பேன். கதாநாயகர்களில் ஒருவரான ஜாங் ஜெஹான் முன்பு எப்போதோ ஜப்பானில் யாசுகுனி ஆலயப் பகுதியில் எடுத்துக்கொண்ட படங்கள் ஆகஸ்டில் வெளியே வந்தன. ஜப்பானியப் போர்க் குற்றவாளிகளுக்கும் மரியாதை செய்யும் இடம் என்பதால் சீனர்களுக்கு அது ஆறாத புண். அந்தக் கோபத்தை நான் சிறிதாகச் சொல்ல மாட்டேன். சில நாட்களில் விளம்பர நிறுவனங்கள் விலகின, கலைஞர் சங்கம் புறக்கணிக்கச் சொன்னது, தொடரும் தளத்திலிருந்து போனது. கூட நடித்தவர்கள், எழுதியவர், உடை தைத்தவர்கள், வாள் சண்டை அமைத்தவர்கள் எல்லாருடைய வேலையும் ஒருவரோடு சேர்ந்து மறைந்தது.

அதே மாதம் நடிகை ஜாவ் வெய்யின் பெயர் எந்த விளக்கமும் இல்லாமல் வீடியோ தளங்களிலிருந்து நீக்கப்பட்டது. 1998-ல் வந்த 'மை ஃபேர் பிரின்ஸஸ்' தொடரில் 'குட்டித் தகைவிலான் குருவி' என்ற பெயர்கொண்ட கதாநாயகி அவர்தான். ஒரு தலைமுறை முழுக்க விடுமுறை நாட்களில் அதைப் பார்த்து வளர்ந்திருக்கிறது. பாடகரும் நடிகருமான கிரிஸ் வூ பாலியல் வன்கொடுமைக் குற்றத்தில் சிறைக்குப் போனது முற்றிலும் நியாயம். ஆனால் அவரோடு நடிகை யாங் ஜி நடித்து முடித்த 'தி கோல்டன் ஹேர்பின்' வெளியே வரவே இல்லை. நடிகை ஃபான் பிங்பிங்கின் வரி ஏய்ப்பு விவகாரத்துக்குப் பிறகு அவர் நடித்த 'வின் தி வேர்ல்ட்' தொடருக்கும் இதே கதிதான். நடிகர்தான் எல்லாம் என்று ரசிகர் படைகள் சொல்கின்றன. தண்டனை கொடுக்கும் அதிகாரமும் கடைசியில் அதையேதான் சொல்கிறது. நூறு பேர் உழைத்த தொடர் அங்கேயும் இங்கேயும் ஒரு முகத்தின் பின்னிணைப்புதான்.

சரி, படைகளைவிட்டு வெளியே வந்து சாதாரணப் பார்வையாளர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று பார்த்தால் மனம் நிறைகிறது. முதல் புகார், இழுவை. தொலைக்காட்சி நிலையங்களுக்கு அத்தியாயக் கணக்கில் விற்பதால் தயாரிப்பாளர்கள் 40-ல் முடிய வேண்டியதை 60, 70 என்று நீட்டினார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டும் தூக்கம் வருகிறது என்று மக்கள் எழுதினார்கள். 2020 பிப்ரவரியில் ஒளிபரப்புத் துறை 40 அத்தியாயத்துக்கு மேல் போகவேண்டாம், 30-க்குள் இருந்தால் நல்லது என்று அறிவுறுத்தியது. 2017-ல் வந்த 'ஜெனரல் அண்ட் ஐ' தொடரில் நடிகர்களைத் தனியே பச்சைத் திரைமுன் எடுத்துப் பின்னணியில் ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்வையாளர்கள் காட்சி காட்சியாக நிறுத்திக் காட்டினார்கள். குதிரை ஓடும், முகம் ஓடாது. இந்தக் கண்டிப்பு பிறகு வந்த தொடர்களுக்கு நல்லது செய்தது என்பதே என் எண்ணம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வழக்கு. 2019 டிசம்பரில் 'ஜாய் ஆஃப் லைஃப்' ஓடிக்கொண்டிருந்தபோது, ஏற்கெனவே உறுப்பினர் சந்தா கட்டியவர்களிடமே, மேலும் 50 யுவான் கட்டினால் மற்றவர்களைவிடச் சில அத்தியாயங்கள் முன்னால் பார்க்கலாம் என்று தளங்கள் அறிவித்தன. 'தி அன்டேம்ட்' முடியும்போது 30 யுவான் வாங்கிச் சோதித்துப் பார்த்த வழிதான். அப்போது ரசிகைகள் கேள்வி கேட்காமல் கட்டினார்கள். இந்த முறை பார்த்தவர்கள் வேறு ரகம். ஒரு சந்தாதாரர் ஐச்சியி மீது பெய்ஜிங் இணைய நீதிமன்றத்துக்குப் போனார். முன்கூட்டியே பார்க்கலாம் என்று சொல்லித்தானே சந்தா வாங்கினீர்கள், நடுவில் ஒப்பந்தத்தை உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். 2020 ஜூனில் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி 1,500 யுவான் இழப்பீடு தரச் சொன்னது. 2021 அக்டோபரில் மூன்று பெரிய தளங்களும் அந்த முறையையே கைவிட்டன. பார்வையாளரின் கருத்து என்றால் இதுவும்தான்.

ஆனால் கருத்தின் முழு அழகையும் பார்க்க வேண்டுமென்றால் பழைய தொடர்களிடம் போக வேண்டும். 2011-ல் வந்த 'ஜென் ஹுவான் ஜுவான்'. சிங் வம்சத்து யோங்ஜெங் பேரரசரின் அந்தப்புரம், 76 அத்தியாயங்கள், இயக்கம் ஜெங் ஷியாவ்லோங், ஜென் ஹுவானாக சுன் லி. இன்றும் இதைப் பார்க்கிறார்கள். கடனில் மூழ்கிய லெஷி என்ற வீடியோ நிறுவனத்துக்கு இந்த ஒரு தொடரின் உரிமை வருடாவருடம் சம்பாதித்துக் கொடுக்கிறது. வீடியோ மேல் ஓடும் கருத்து வரிகளில் பதினைந்தாவது முறை பார்ப்பதாக எழுதுகிறவர்கள் சர்வசாதாரணம். இங்கே எந்த நடிகையின் எதிர்காலமும் உங்கள் நட்சத்திரத்தை நம்பி இல்லை. எல்லோருக்கும் முடிவு தெரியும். அதனால் மீதி இருப்பது கதையும் மனிதர்களும் மட்டும்தான்.

அதில் ஆன் லிங்ரோங் பற்றி நடந்த மாற்றத்தை நான் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்திருக்கிறேன். சின்ன ஊரின் சின்ன அதிகாரி மகள். குரல் இனிமை, வாசனைப் பொடிகள் கலக்கும் கை. கதாநாயகியும் அவள் தோழி ஷென் மெய்ஜுவாங்கும் அவளுக்கு உதவி செய்து தோழியாக்கிக்கொள்கிறார்கள்; அவள் பின்னால் பேரரசியின் பக்கம் போய்க் கதாநாயகிக்குத் துரோகம் செய்கிறாள். தொடர் வந்த புதிதில் நன்றி கெட்டவள் என்பதுதான் ஒருமித்த தீர்ப்பு. அப்புறம் அந்தத் தொடரைச் சின்ன வயதில் அம்மாவோடு பார்த்தவர்கள் வேலைக்குப் போனார்கள். சின்ன ஊரிலிருந்து பெரிய நகரத்துக்கு வந்து, எல்லோரும் அன்பாகத்தான் இருக்கும் அலுவலகத்தில், தன் செருப்பும் தன் உச்சரிப்பும் மட்டும் தனக்கு உறுத்தும் நிலையில் மறுபடி பார்த்தார்கள். தனக்குப் பரிசாக வந்த பட்டை, ஜென் ஹுவானின் பணிப்பெண்ணும் உடுத்தியிருப்பதை லிங்ரோங் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. முன்பு யாரும் கண்டுகொள்ளாத காட்சி. இப்போது அதைப் பற்றி நீண்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஜென் ஹுவான் கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை; இருக்கிறவள் கொடுப்பதற்கும் இல்லாதவள் வாங்குவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அவளுக்குத் தெரியவே இல்லை என்று வாதம் போகிறது.

எதிர்த் தரப்பும் பலமானது. ஏழை வீட்டுப் பெண் என்பதால் இன்னொரு பெண்ணின் கருவைக் கலைக்க வாசனைப் பொடி கொடுக்கலாமா, அதே அரண்மனையில் அவளைவிடத் தாழ்ந்த நிலையில் பணிப்பெண்கள் நேர்மையாக இருக்கவில்லையா என்று கேட்கிறார்கள். நான் இந்த இரண்டாவது தரப்பை மதிக்கிறேன், ஆனால் முதல் தரப்போடுதான் நிற்கிறேன். கசப்புப் பாதாமைத் தின்று சாவதற்கு முன் அவள் சொல்லும் கடைசி வார்த்தை, பேரரசியைப் பற்றி ஜென் ஹுவானுக்குத் தரும் துப்பு. வெறுப்பு மட்டுமே மிஞ்சியவள் அந்தத் துப்பைத் தனக்குள்ளேயே புதைத்துக்கொண்டு போயிருப்பாள்.

'நிர்வாணா இன் ஃபயர்' வந்தது 2015-ல், 54 அத்தியாயம், ஹு கே நடித்தது. அதற்கும் இதே மாதிரி வாசகர்கள் உண்டு. வாசகர்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதன் கதாநாயகன் மெய் சாங்சுவுக்கு ஹேசல்நட் என்ற கொட்டை ஒத்துக்கொள்ளாது. முகமும் பெயரும் மாறித் திரும்பி வந்தவன் யார் என்று யாரிடமும் கேட்காமல் கண்டுபிடித்த இளவரசனின் தாய், அவனுக்கு அனுப்பும் தின்பண்டத்தில் அதை மட்டும் சேர்க்காமல் விடுகிறாள். அந்த ஒரு விஷயத்தைப் பற்றி எழுதியிருப்பதைத் தொகுத்தால் சின்னப் புத்தகமே வரும். அந்தத் தாயாக நடித்த லியூ மின்தாவ் அப்போது பெரிய நட்சத்திரம் இல்லை. கதாநாயகன் முகத்தை மட்டும் ஓடவிடும் பொத்தானைத் தட்டியிருந்தால் அவர் சமையல் செய்யும் காட்சியே கண்ணில் பட்டிருக்காது.

இந்தியாவில் 2020 ஜூனில் வெய்போவும், அந்த வருடக் கடைசியில் டென்சென்டின் வீ-டிவி செயலியும் தடைசெய்யப்பட்டன. தமிழில் இந்தத் தொடர்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் யூடியூபிலும் நெட்ஃப்ளிக்ஸிலும் பார்க்கிறார்கள், அந்த ஊர்ச் சண்டைகள் தெரியாமல். தடையை நான் ஆதரித்துப் பேசவில்லை. ஆனால் யார் பெயர் சுவரொட்டியில் முதலில் வந்தது என்ற போர் எதுவும் காதில் விழாமல் ஒரு தொடரை முதல் முறை பார்ப்பது நமக்குக் கிடைத்த வசதி. அதை வீணாக்காமல் கதையைப் பற்றி நம் மொழியில் நிறைய எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இப்போது தமிழில் தேடினால் கதைச் சுருக்கம் கிடைக்கிறது, கதாநாயகன் அழகு கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நானே ஒரு வாதத்தைத் தொடங்குகிறேன். 2023-ல் டென்சென்டில் வந்த 'தி லாங் சீசன்', 12 அத்தியாயம், இயக்கம் ஷின் ஷுவாங். வடகிழக்குச் சீனாவில் ஒரு எஃகு ஆலை நகரம், 1990-களின் கடைசியில் ஆட்குறைப்பு, கிட்டத்தட்ட 20 வருடம் கழித்து டாக்ஸி ஓட்டும் ஒரு முன்னாள் ரயில் ஓட்டுநர். ஃபான் வெய் தலைமையில் மூன்று நடுவயது ஆண்கள். பால் பாட்டில் வாங்கும் படை எதுவும் இவர்களுக்கு இல்லை. டௌபானில் 9.4 வந்தது, நான் அதை நம்புகிறேன்.

அதில் ஒரு விஷயத்தில் பார்வையாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஷென் மோ என்ற பெண்ணின் மேல் எழுத்தாளர்கள் துன்பத்தை மேலும் மேலும் ஏற்றுகிறார்கள். ஆலை மூடுவது பற்றிய கதை அவ்வளவு நிஜமாக இருக்கும்போது இவள் கதை மட்டும் கொலைக்குக் காரணம் தேடி எழுதியது போல இருக்கிறது என்று ஒரு தரப்பு. அவளுக்கு நடந்ததைக் கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை, எல்லோரும் தங்கள் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருந்தார்கள், அதுதான் இரண்டு கதைகளையும் ஒன்றாக்குகிறது என்று இன்னொரு தரப்பு. நான் இரண்டாம் தரப்பு. ஆனால் எட்டாம் அத்தியாயத்துக்கு மேல் அவளுக்கு வசனம் குறைந்துகொண்டே போகிறது, ஆண்கள் அவளைப் பற்றிப் பேசுவது கூடிக்கொண்டே போகிறது என்ற முதல் தரப்பின் குறைக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.